பக்கவாட்டில் திரும்பாத 218 டன் பீரங்கி | ஓடாங்கென், பிரான்ஸ்

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, குரல் சரியாகக் கேட்காவிட்டால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். பிரான்சின் வடக்குக் கரையில் ஓடாங்கென் கிராமத்துக்கு வந்திருக்கிறேன். அந்தப் பக்கம் கடல். கடலைத் தாண்டினால் இங்கிலாந்து, சுமார் 34 கிலோமீட்டர்தான்.

இதோ, கேமராவைத் திருப்புகிறேன். எவ்வளவு பின்னால் போனாலும் ஃப்ரேமில் அடங்க மாட்டேன் என்கிறது! இதுதான் கே5 ரயில் பீரங்கி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் பயன்படுத்தியது, க்ரூப் நிறுவனத்தின் தயாரிப்பு. குழல் மட்டும் 21.5 மீட்டர். 255 கிலோ குண்டை 60 கிலோமீட்டருக்கு மேல் எறியும். எதிர்க்கரையில் இருக்கும் டோவர் நகரம் இதற்குப் பாதித் தூரம்தான்.

எல்லோரும் குழலைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் கீழே காட்டுகிறேன், சக்கரங்களைப் பாருங்கள். இரண்டு போகிகள், அதாவது சக்கரத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஆறு அச்சுகள். இந்தப் பீரங்கியின் சூட்சுமமே இங்கேதான். குழல் மேலும் கீழும் ஏறி இறங்கும். ஆனால் பக்கவாட்டில் ஒரு டிகிரி அளவுக்குத்தான் அசையும். அப்புறம் எப்படிக் குறி வைப்பது? தண்டவாளத்தையே வளைத்துப் போட்டார்கள். அந்த வளைவில் வண்டியை முன்னே பின்னே நகர்த்தினால் குழல் பார்க்கும் திசை மாறும். தெருமுனையில் தேரைத் திருப்பும் பாடுதான். முழு வட்டமும் சுற்ற வேண்டுமென்றால் தனியாகச் சுழல்மேடை வேண்டும்.

ஆனால் தண்டவாளத்தில் நிற்பதில் ஒரு வசதி உண்டு. சுட்டு முடித்ததும் இஞ்சினில் கோத்து, கான்கிரீட் மறைவிடத்துக்குள் இழுத்துப் போய்விடலாம். விமானம் தேடி வரும்போது ஆள் இருக்காது! டோவர் மக்களுக்கு 1940 ஆகஸ்ட் முதல் 1944 செப்டம்பர் வரை இந்தக் கரையிலிருந்து குண்டு வந்துகொண்டே இருந்தது. இந்த ஊர் மட்டும் தப்பித்ததா என்ன? நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டுகளில் தரைமட்டமானது. இப்போது நீங்கள் பார்க்கும் தேவாலயம்கூடப் போருக்குப் பிறகு கட்டியதுதான்.

கே5 வகையில் 25 செய்தார்கள். இன்று மிச்சம் இரண்டே. இன்னொன்று இத்தாலியில் அன்சியோ கடற்கரையைத் தாக்கியது, அமெரிக்கர்கள் பிடித்து எடுத்துப் போனார்கள். இப்போது வர்ஜீனியாவில் இருக்கிறது.

பின்னால் தெரியும் அந்தக் கான்கிரீட் குன்று டோட் பேட்டரி, 380 மில்லிமீட்டர் பீரங்கி இருந்த இடம். கனடா படை 1944 செப்டம்பர் 29 அன்று பிடித்தது. இப்போது அருங்காட்சியகம். சரி, டிக்கெட் வாங்கிவிட்டேன், உள்ளே போகலாம் வாங்க.