கணினியில் தயாரித்த ஸ்லைடுகளை டேப்லெட்டில் காட்டுவது: தமிழ் எழுத்து சிதையாமல், வீடியோ நின்றுவிடாமல்

[திரையில்: ஒரு டேப்லெட். திறந்திருக்கும் ஸ்லைடின் தலைப்பில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடக்கின்றன.]

வணக்கம். இந்த ஸ்லைடின் தலைப்பு 'தமிழ் இலக்கணம்'. கணினியில் அப்படித்தான் தெரிகிறது. அதே கோப்பை டேப்லெட்டில் திறந்தால், முதல் சொல்லின் இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகள், கடைசியில் ஓர் அரைப்புள்ளி. கோப்பு கெட்டுப்போகவில்லை. நகலெடுக்கும்போது எதுவும் தொலைந்துபோகவும் இல்லை. கோப்புக்குள் உண்மையில் எது இருக்கிறதோ, அதைத்தான் டேப்லெட் காட்டுகிறது.

எந்தக் கேபிள், எந்தச் செயலி என்ற கேள்விகளுக்கு விடை எளிது. அதைப் பின்னால் சொல்கிறேன். தமிழில் ஸ்லைடு தயாரிக்கும் ஆசிரியருக்கும், கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கும் மாணவருக்கும், மருத்துவ முகாமில் பேசும் செவிலியருக்கும் உண்மையான தலைவலி எழுத்தில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

[திரையில்: பாமினி விசைப்பலகைப் படம். ஒவ்வொரு விசையாக ஒளிர்கிறது.]

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜே இருக்கும் இடத்தில் 'த'. கே இருக்கும் இடத்தில் 'ம'. பி இருக்கும் இடத்தில் இகரத்தின் கொக்கி. ஓ இருக்கும் இடத்தில் 'ழ'. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. கோப்பில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் பாமினி என்ற வடிவத்தைப் போர்த்துவதால் நமக்குத் தமிழாகத் தெரிகிறது. டேப்லெட்டில் பாமினி இல்லை. போர்வை விலகியதும் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடுகிறது.

யூனிகோட் என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுக் குறியாக்கம். அதில் 'த' என்றால் எந்தக் கருவியிலும் 'த'தான். தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அச்சகங்களிலும் டி.டி.பி. மையங்களிலும் பாமினி இன்றும் புழங்குகிறது. அங்கே தட்டச்சு செய்து வாங்கிய பாடக் குறிப்புகள், பழைய ஸ்லைடுகள், பிறர் கொடுத்த கோப்புகள் எல்லாம் உங்கள் கணினியில் இருக்கலாம். பார்வைக்கு நல்ல தமிழாகவே தெரிவதால், வேறுபாட்டைக் கண்ணால் பிடிக்க முடியாது.

அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

[திரையில்: பவர்பாயிண்ட். ஒரு வரி தேர்ந்தெடுக்கப்படுகிறது. எழுத்துருப் பட்டியலில் ஏரியல் சொடுக்கப்படுகிறது.]

தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை 'ஏரியல்' என்று மாற்றுங்கள். வரி தமிழாகவே நின்றால் அது யூனிகோட். ஏரியலில் தமிழ் இல்லாததால், விண்டோஸ் தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். வரி சட்டென்று ஆங்கில எழுத்துகளாக மாறினால் அது பழைய குறியாக்கம். பார்த்த பிறகு கன்ட்ரோல் இஸட் அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பழைய குறியாக்கம் என்று தெரிந்துவிட்டது, அடுத்து என்ன? பலர் பவர்பாயிண்டில் உள்ள 'ரீப்ளேஸ் ஃபான்ட்ஸ்' வசதியைப் பயன்படுத்தி, பாமினிக்குப் பதிலாக 'நிர்மலா' என்ற யூனிகோட் எழுத்துருவைப் போடுகிறார்கள். அது பயன்படாது. எழுத்துருவின் பெயர்தான் மாறும், உள்ளே இருக்கும் எழுத்துகள் மாறா. எழுத்துகளையே மாற்ற வேண்டும். இணையத்தில் 'பொங்குதமிழ்' என்ற மாற்றியும், கணினியில் நிறுவிக்கொள்ளும் 'என்.எச்.எம். கன்வெர்ட்டர்' என்ற மென்பொருளும் இந்த வேலையைச் செய்பவை. ஸ்லைடில் உள்ள வரியை நகலெடுத்து மாற்றியில் ஒட்டுங்கள். பாமினியிலிருந்து யூனிகோட் என்று தேர்ந்தெடுங்கள். வெளிவரும் தமிழை மீண்டும் ஸ்லைடில் ஒட்டுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். வரிக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் சேர்த்து நகலெடுக்காதீர்கள். மாற்றி அதையும் பாமினி என்றே எடுத்துக்கொண்டு பொருளற்ற தமிழாக்கிவிடும். நிறுத்தக்குறிகள் பலவற்றின் இடத்தைத் தமிழ் வடிவங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால், மேற்கோள் குறி, அரைப்புள்ளி போன்றவற்றை ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும். வரைபடங்களில் (சார்ட்) உள்ள பெயர்களை ஸ்லைடின் மேல் சொடுக்கி மாற்ற முடியாது. வரைபடத்தின் பின்னால் உள்ள எக்செல் அட்டவணையைத் திறந்து அங்கே மாற்ற வேண்டும்.

பெரும்பாலோர் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு: ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் குறிப்புப் பகுதி. ஸ்லைடுகளை எல்லாம் அழகாக மாற்றிவிட்டு, குறிப்பை அப்படியே விட்டுவிட்டால், அரங்கில் இருப்பவர்களுக்குத் திரையில் தமிழ் சரியாகத் தெரியும். பேச வேண்டிய உங்களுக்கு டேப்லெட்டில் அரைப்புள்ளிகள்தான் தெரியும்.

[திரையில்: ஒரே ஸ்லைடு மூன்று கருவிகளில், பக்கம் பக்கமாக.]

முழுக்க யூனிகோடில் இருந்தாலும் இன்னொரு வேறுபாடு வரும். விண்டோஸில் நிர்மலா இருக்கிறது. ஐபேடில் இருப்பது தமிழ் சங்கம். ஆண்ட்ராய்டில் நோட்டோ. மூன்றின் அகலமும் வேறு, வரி உயரமும் வேறு. கணினியில் ஒரே வரியில் கச்சிதமாக அடங்கிய 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' டேப்லெட்டில் இரண்டு வரியாகி, கீழே உள்ள படத்தின் மேல் ஏறி உட்காரும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஓர் எழுத்து கூடுதலாக இடம் பிடித்தாலும் முழுச் சொல்லும் அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால் எழுத்துப் பெட்டியின் வலப்பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள். பெட்டியை விளிம்பு வரை நிரப்புவது அழகாகத் தோன்றலாம். கருவி மாறும்போது முதலில் உடைவது அதுதான்.

எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பவும் வழி இருக்கிறது. விண்டோஸ் பவர்பாயிண்டில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' என்று போனால், கீழே 'எம்பெட் ஃபான்ட்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். எழுத்துருவின் உரிமம் இடம் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். டேப்லெட்டில் திறந்து கண்ணால் பார்க்காமல் இதை நம்பி மேடை ஏற வேண்டாம் என்பதே என் கருத்து. அலங்கார எழுத்துருவில் உள்ள தலைப்பு கட்டாயம் அதே வடிவில் வர வேண்டுமானால், அதை வெட்டி, 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாகப் படமாக ஒட்டிவிடுங்கள். படத்துக்கு எழுத்துரு தேவையில்லை. பின்னால் திருத்துவதற்கு மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: கோப்பின் பெயர் மாற்றப்படுகிறது, உள்ளே கோப்புறைகள் விரிகின்றன.]

எழுத்துக்கு அடுத்தபடியாகக் கைவிடுவது வீடியோ. 2007-ஆம் ஆண்டின் ஆஃபீஸ் முதல் பவர்பாயிண்ட் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. கோப்பின் நகலை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள பிபிடிஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பிபிடி, அதற்குள் மீடியா என்ற கோப்புறை. நீங்கள் சேர்த்த படங்களும் வீடியோக்களும் அங்கே வரிசையாக இருக்கும். உங்கள் வீடியோ அங்கே இல்லையா? அப்படியானால் அது கோப்புக்குள் வரவே இல்லை. கணினியில் வேறெங்கோ உள்ள வீடியோவுக்கு வழிகாட்டும் இணைப்பு மட்டுமே ஸ்லைடில் இருக்கிறது. கோப்பு டேப்லெட்டுக்குப் போகும். வீடியோ கணினியிலேயே தங்கிவிடும். ஸ்லைடில் உள்ள வீடியோவை நீக்கிவிட்டு, இணைப்பாக இல்லாமல் நேரடியாகச் சேருங்கள். கோப்பு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கும் அதே கோப்புறையில் விடை கிடைக்கும்.

வீடியோவின் வடிவத்தையும் பாருங்கள். விண்டோஸின் டபிள்யூஎம்வி கோப்பு ஐபேடில் ஓடாது. எம்பி4, அதிலும் எச்.264 என்ற சுருக்கும் முறையில் உள்ளது என்றால் இரண்டு வகை டேப்லெட்டிலும் ஓடும். யூடியூப் இணைப்பைப் பதித்திருந்தால் அரங்கில் இணையம் வேண்டும். கிடைக்கும் என்று எண்ணாதீர்கள்.

இனி கோப்பை நகர்த்துவது. இதில் கவலைப்பட அதிகம் இல்லை. மேக் கணினியிலிருந்து ஐபேடுக்கு ஏர்டிராப். விண்டோஸிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு க்விக் ஷேர், அல்லது சாதாரண யூஎஸ்பி கேபிள். இரண்டு முனை உள்ள பென் டிரைவை டேப்லெட்டின் டைப்-சி துளையில் செருகலாம். 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஐபேடின் ஃபைல்ஸ் செயலியும் பென் டிரைவைப் படிக்கும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள், கோப்பு மாறாமல் போகும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. டேப்லெட்டில் கோப்பின் பெயர் தெரிவதாலேயே கோப்பு டேப்லெட்டில் இருக்கிறது என்று பொருளல்ல. பெயரின் அருகில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஆஃப்லைனில் கிடைக்கும்படி அமையுங்கள். பிறகு விமானப் பயன்முறையை இயக்கிவிட்டு, கோப்பைத் திறந்து, முதல் ஸ்லைடு முதல் கடைசி ஸ்லைடு வரை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வீடியோவையும் தொட்டு ஓடவிடுங்கள். வீட்டில் இதைச் செய்ய சில நிமிடங்கள் போதும். அரங்கில் அந்த நிமிடங்கள் கிடைப்பதில்லை.

பவர்பாயிண்டில் செய்ததை டேப்லெட்டிலும் பவர்பாயிண்ட் செயலியில்தான் திறக்க வேண்டும் என்பேன். ஆப்பிளின் கீநோட்டும் கூகுள் ஸ்லைட்ஸும் திறக்கும். ஆனால் தங்கள் முறைக்கு மாற்றிக்கொண்டு திறக்கும், அந்த மாற்றத்தில் சில அசைவூட்டங்கள் உதிர்ந்துபோகும். 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் திருத்துவதற்கு மைக்ரோசாஃப்ட் சந்தா கேட்கும். அதனால் திருத்தங்களைக் கணினியிலேயே முடித்துவிடுங்கள். மேக்ரோக்கள், அதாவது கோப்புக்குள் எழுதி வைத்த சிறு நிரல்கள், டேப்லெட்டில் இயங்கா.

[திரையில்: மூன்று அடாப்டர்கள் மேசை மேல்.]

ஸ்லைடின் அளவை டேப்லெட்டுக்குப் பொருத்தமாக மாற்றலாமா? வேண்டாம். பெரும்பாலான ஐபேடுகளின் திரை ஏறக்குறைய 4:3. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் 16:10 மிகுதி. ஆனால் மக்கள் பார்க்கப்போவது புரொஜெக்டர் திரையை. 2013 பவர்பாயிண்ட் முதல் இயல்பாக வரும் 16:9 பெரும்பாலான அரங்குகளுக்குப் பொருந்தும். அரங்கில் பழைய 4:3 புரொஜெக்டர்தான் என்று முன்கூட்டியே தெரிந்தால், கணினியிலேயே அந்த அளவில் ஒரு பிரதி செய்து, ஒவ்வொரு ஸ்லைடையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டைப்-சி துளை இருக்கும் டேப்லெட் எல்லாம் புரொஜெக்டருக்குப் படம் அனுப்பும் என்று நினைத்துவிடாதீர்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றில் அந்தத் துளை சார்ஜ் செய்யவும் கோப்பு நகர்த்தவும் மட்டுமே. கருவியின் விவரக்குறிப்பில் 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த அடாப்டரை வாங்கினாலும் திரை கருப்பாகவே இருக்கும், பணத்தை வீணாக்காதீர்கள். 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் டைப்-சி உண்டு. அதற்கு முந்தைய அடிப்படை ஐபேடுகளுக்கு லைட்னிங் என்ற ஆப்பிளின் பழைய துளைக்கு உரிய அடாப்டர் வேண்டும். சார்ஜ் செய்யவும் துளை உள்ள அடாப்டராக வாங்குங்கள். டேப்லெட்டில் இருப்பது ஒரே துளை, அதைப் புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிள் பிடித்துக்கொண்டால் சார்ஜருக்கு இடமில்லை.

கேபிள் இல்லாமல் ஏர்ப்ளே, குரோம்காஸ்ட், ஸ்மார்ட் வியூ வழியாகவும் காட்டலாம். கல்லூரிகளிலும் விடுதிகளிலும் உள்ள விருந்தினர் வைஃபை, ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைக்கப்பட்டிருப்பது வழக்கம். டேப்லெட்டும் திரையும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். முக்கியமான நிகழ்ச்சிக்குக் கேபிளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

[திரையில்: இடப்பக்கம் அரங்கத் திரை, வலப்பக்கம் பேசுபவர் கையிலுள்ள டேப்லெட்.]

கேபிள் இணைந்து ஸ்லைடு ஓடத் தொடங்கியதும், ஐபேடில் அரங்கத்துக்கு ஸ்லைடு மட்டும் போகும். உங்கள் கையில் குறிப்பும் அடுத்த ஸ்லைடும் தெரியும். ஸ்லைடின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அது சிவப்புப் புள்ளியாக அரங்கத் திரையில் நகரும். பேனாவைத் தேர்ந்தெடுத்து ஸ்லைடின் மேலேயே எழுதலாம். வகுப்பறையில் இதன் மதிப்பு மிகப் பெரியது: 'மரவேர்' என்ற புணர்ச்சியை 'மரம்' என்றும் 'வேர்' என்றும் பிரித்து, கெட்டுப்போன மகரத்தை வட்டமிட்டுக் காட்டும்போது மாணவரின் கண் அந்த எழுத்தின் மேலேயே நிற்கும். கரும்பலகையின் பக்கம் திரும்பாமல், மாணவர்களைப் பார்த்தபடியே ஆசிரியர் எழுத முடிகிறது. டேப்லெட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

தொடங்கும் முன் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரத்தையும் நீட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. அதே கோப்பை பிடிஎஃப் ஆகவும் மாற்றி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் தனக்கு வேண்டிய எழுத்துருவைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்வதால், டேப்லெட் கைவிட்டாலும் அரங்கில் உள்ள எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். ஆனால் அசைவூட்டம் அதில் இருக்காது. ஒன்று மறைந்து இன்னொன்று வரும்படி செய்த ஸ்லைடில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவிடும். அத்தகைய ஸ்லைடுகளை, பிடிஎஃப் ஆக்கும் முன், ஒரு படிக்கு ஒரு ஸ்லைடு என்று பிரித்துச் சேமியுங்கள்.