வெள்ளையடித்த சுவரின் முன்னும் நில்லுங்கள்

அவையோருக்கு வணக்கம். வழிகாட்டியுடன் தெருத்தெருவாக நடந்து அசல் சுவரோவியங்களைக் காண்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நடப்பதில் சிக்கல் ஒன்றும் இல்லை, காலைக் கடிக்காத செருப்பு இருந்தால் போதும். 'அசல்' என்ற சொல்தான் எனக்கு இடறுகிறது.

இரவில் திருட்டுத்தனமாக வரைந்தால் அசல், அனுமதி வாங்கிப் பகலில் வரைந்தால் போலி என்று பலர் நினைக்கிறார்கள். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவுக்குப் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள். 2011இல் அங்கே சுவரில் வரையப் போன 16 வயதுப் பையன் ஒருவனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். ஊர் கொதித்தெழுந்தது. எங்கே வரையலாம், எங்கே கூடாது என்று 2013இல் நகர நிர்வாகம் ஆணை போட்டது. அதே ஆண்டு கச்சேரிக்கு வந்த வெளிநாட்டுப் பாப் பாடகர் ஒருவர், போலீஸ் காவலோடு அங்கே ஒரு சுவரில் கிறுக்கிவிட்டுப் போனார். உள்ளூர் ஓவியர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஸ்பிரே டப்பாக்களோடு திரண்டுவந்து விடிய விடிய வரைந்து தீர்த்தார்கள். இன்று அந்த நகரில் நாம் நின்று ரசிக்கும் பெரிய ஓவியங்களில் பலவும் அனுமதியோடு வரைந்தவைதான். அந்த அனுமதிக்குப் பின்னால் ஓர் உயிர் போயிருக்கிறது. அதைப் போலி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆகவே அசலா போலியா என்று கேட்பதை விட்டுவிட்டேன். இந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர் யார், வரையும் முன் அவரை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று வழிகாட்டியிடம் கேட்பேன். சிலர் திணறுவார்கள். சிலரோ கதவைத் தட்டி, அந்த வீட்டுப் பாட்டியையே வெளியே அழைத்துவிடுவார்கள். இந்த இரண்டாம் வகையினரோடு மட்டும் நடங்கள்.

அதே கொலம்பியாவில் மெதெயின் என்ற நகரம். அதன் மலைச்சரிவில் இருக்கும் 13ஆம் வட்டாரத்தில், 2002இல் ராணுவமும் போலீசும் ஆயுதக் குழுக்களை ஒடுக்கப் புகுந்தபோது, சண்டையை நிறுத்தச் சொல்லி மக்கள் வெள்ளைத் துணிகளை அசைத்தார்கள். அங்கே சுவரில் வெள்ளைத் துணி ஏந்திய யானைகளைப் பார்க்கலாம். கதை தெரியாதவருக்கு அது அழகான யானைப் படம். பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு, 2011இல் போட்ட நகரும் படிக்கட்டில் ஏறிப் போய்விடுவார். யானைக்கு மறதி கிடையாது என்பார்கள். அந்த மறவாமைக்காகத்தான் யானையை வரைந்தார்கள். அந்தத் தெருவில் வளர்ந்தவர் பக்கத்தில் நின்று சொல்லும்போது, அதே துணி வேறு மாதிரித் தெரிகிறது.

பெரிய படங்களுக்கு நடுவே கிறுக்கல்கள் இருக்குமே, அவற்றைப் பெரும்பாலான வழிகாட்டிகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். வெறும் பெயரை எழுதிவிட்டுப் போவதற்கு 'டேக்' என்று பெயர். நியூயார்க்கில் 183ஆம் தெருவைச் சேர்ந்த ஓர் இளைஞர் தம் செல்லப்பெயரையும் தெரு எண்ணையும் சேர்த்து 'டாக்கி 183' என்று ஊரெல்லாம் எழுதினார். 1971இல் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. இந்தக் கலையின் குலமுறை அப்படிப்பட்ட கையெழுத்துகளிலிருந்துதான் கிளைக்கிறது. எழுதாச் சட்டம் ஒன்றும் உண்டு. உழைத்து வரைந்த பெரிய ஓவியத்தைக் கையெழுத்தின் மேல் வரையலாம். ஓவியத்தின் மேல் கையெழுத்துப் போட்டால் அவமரியாதை. இதை அறிந்த பிறகு ஒரு சுவரைப் பாருங்கள். யார் யாரை மதித்தார்கள், யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்று அடுக்கடுக்காகத் தெரியும்.

அழிந்த படங்களுக்கு வருகிறேன். நியூயார்க்கில் '5பாயிண்ட்ஸ்' என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடம் முழுக்க ஓவியங்கள் இருந்தன. 2013 நவம்பரில் உரிமையாளர் ஒரே இரவில் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தார். ஓவியர்கள் 21 பேர் வழக்காடினார்கள். அவர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தரவேண்டும் என்று 2018இல் தீர்ப்பு வந்தது. இத்தனைக்கும் கட்டடம் அவருடையது, ஓவியங்கள் அவர் அனுமதித்தவை!

பெர்லினில் நடந்தது இதற்கு நேர் எதிர். குரோய்ட்ஸ்பெர்க் பகுதியில், குவ்ரி தெருவோரக் காலிமனையைப் பார்த்தபடி, புளூ என்ற இத்தாலிய ஓவியரின் இரண்டு பிரம்மாண்டமான படங்கள் இருந்தன. நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட படங்கள். அந்த மனையில் கட்டடம் எழுப்பத் திட்டம் வந்தது. ஓவியங்களின் புகழ் மனை வியாபாரத்துக்குத்தான் பயன்படப் போகிறது என்று கண்டு, 2014 டிசம்பரில் அவருடைய சம்மதத்தோடு அவற்றுக்குக் கறுப்புச் சாயம் பூசிவிட்டார்கள். பெற்றவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனதுபோல.

இன்று அங்கே படம் பிடிக்க ஒன்றும் இல்லை. கைப்பேசியைப் பைக்குள் போடச் சொல்லிவிட்டு, ஓவியமில்லாத அந்த இடத்தில் கால் மணி நேரம் நிறுத்திக் கதை சொல்லக்கூடிய வழிகாட்டி எவராவது உங்களுக்குக் கிடைத்தால், எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கி வையுங்கள். நன்றி.