முட்டிக்கு ஒரு நிதி

(எங்கள் ஊர்ப் பொங்கல் கபடிப் போட்டியின் பரிசளிப்பு மேடையில் பேசியது. வெளியூரில் இருக்கும் பங்காளிகள் கேட்டதால் எழுத்தில் போடுகிறேன். கைதட்டல்களை எடுத்துவிட்டேன், எடுக்கும் அளவுக்கு அதிகம் இல்லை.)

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, விசிலை வைத்தே எங்களுக்கெல்லாம் ஒழுக்கம் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஐயா அவர்களே, முதல் பரிசுக் கோப்பையை வருடா வருடம் கைக்காசு போட்டு வாங்கித் தரும் அரிசி ஆலை அண்ணன் அவர்களே, பெண்பிள்ளைகள் பயிற்சி எடுக்கப் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, பந்தோபஸ்துக்கு வந்து அதை மறந்துவிட்டு முன்வரிசையில் நின்று மேட்ச் பார்த்த காவல்துறை நண்பர்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்க வேண்டும். போன வருடம் இப்படித்தான் ஒருவர் பெயர் விட்டுப்போய், அவர் சொன்ன இரண்டாம் பரிசுப் பணத்தைத் தராமலே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று கமிட்டியில் என்னை எச்சரித்துத்தான் மேடை ஏற்றியிருக்கிறார்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'குடும்பமும் விளையாட்டும்'. வீடு, வீரர், வியாபாரம் என்று மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நான் விளையாடியவன் இல்லை, வெறும் ரசிகன். ஆடுகளத்துக்கு வெளியே நின்று "கோட்டைத் தொடுடா" என்று கத்தித் தொண்டை போனவன், அவ்வளவுதான்.

முதலில் வீடு. விளையாடியவர் எங்கள் அப்பா. எதற்கெடுத்தாலும் அவர் வாயில் ஒரே பழமொழிதான் வரும்: வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அறுப்பு நேரத்தில் மழை பிடித்தாலும் அதையே சொல்வார், பஸ் ஏறும்போது செருப்பு அறுந்தாலும் அதையே சொல்வார். அவருக்கு நடந்ததும் அதுதான். பிடிக்கிறவர்கள் வரிசையில் இடது ஓரம், இடது கார்னரில் நிற்பார், காலைப் பிடித்தால் விடமாட்டார். பக்கத்து ஊரில் ஒரு ஃபைனல். 'கபடி கபடி' என்று பாட வந்தவனைப் பிடித்துவிட்டார், பிடித்த சந்தோஷத்தில் நம்ம ஆட்களே மொத்தமாக வந்து மேலே விழுந்ததில், ஊன்றியிருந்த கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்பி, முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். அதற்கு மருத்துவம் என்ன தெரியுமா? உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்து ஒரு பத்து. வீக்கம் வடிந்தது, நடந்தார், மறுபடியும் ஆடப்போனார், மறுபடியும் முட்டி கழன்றது. அப்புறம் சம்மணம் போட்டு அவர் உட்கார்ந்ததே இல்லை.

இந்த முட்டியால் என் கல்யாணமே நிற்கப் பார்த்தது. அதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் சம்பந்தப்பட்டவர் அதோ, பெண்கள் பக்கத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். பெண் பார்க்கப் போயிருந்தோம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரிய பாய் விரித்து எல்லோரையும் உட்காரச் சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம், அப்பா மட்டும் தூணில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். "உட்காருங்க சம்பந்தி" என்கிறார்கள். "இருக்கட்டும்" என்கிறார். மறுபடி சொல்கிறார்கள். "பரவாயில்லை" என்கிறார். எங்கள் அம்மாவோ, முட்டி விஷயத்தைச் சொன்னால் பையனுக்கும் ஏதோ குறை என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. பெண்ணின் அத்தை ஒருவர் எனக்கே கேட்கிற மாதிரி, "மாப்பிள்ளை வீட்டு முறுக்கு இப்பவே இப்படி இருக்கே" என்று சொல்லிவிட்டார். பஜ்ஜித் தட்டு வந்தது, நின்றுகொண்டே ஒன்று எடுத்தார் அப்பா. அது இன்னும் மோசமாகப் போயிற்று.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து பெண்ணின் தாத்தா வந்தார். அப்பாவின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவே இல்லை. "வலது முட்டியா?" என்றார். "ஆமாங்கய்யா." "கபடியா?" "ஆமாங்கய்யா." "எந்த இடம்?" "கார்னர்." தாத்தா வேட்டியைக் கொஞ்சம் தூக்கித் தன் முட்டியைக் காட்டினார். இரண்டு முட்டியும் அண்ணன் தம்பி மாதிரி வீங்கியிருந்தன. அப்புறம் பெண்ணாவது மாப்பிள்ளையாவது! எந்த வருடம் எந்த ஊர்ப் போட்டி, யார் யாரைப் பிடித்தார், எந்த நடுவர் காசு வாங்கினார் என்று ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் இரண்டு கிழவர்களும் முற்றத்துக்குப் போய்விட்டார்கள். தாத்தா பாடிக்கொண்டு வருகிறார், அப்பா கணுக்காலைப் பிடிப்பது எப்படி என்று அந்த முட்டியோடு குனிந்து காட்டுகிறார். பெண் காபி டம்ளரோடு கூடத்து வாசலில் நிற்கிறது, பார்க்க ஆளில்லை. நான் மட்டும் பார்த்தேன். கடைசியில் குனிந்த அப்பாவால் நிமிர முடியவில்லை. நானும் பெண்ணின் அண்ணனும் கைத்தாங்கலாகத் தூக்கிவந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். அந்த நாற்காலியில் வைத்துத்தான் நிச்சயம் பேசினார்கள்.

சிரித்தீர்கள், சரி. கிணற்றடிக்கும் கழிவறைக்கும் அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு போய்வந்த எங்கள் அம்மாவுக்கு அது சிரிப்பான விஷயமாக இருந்ததில்லை. ஒரு முட்டி போனால் அந்த வீட்டில் இன்னொருத்தர் ஊன்றுகோலாக ஆகவேண்டியிருக்கிறது. குடும்பமும் விளையாட்டும் என்று தலைப்புக் கொடுத்தவர்கள் இதை எதிர்பார்த்தார்களோ என்னவோ, எனக்குச் சொல்ல இதுதான் இருக்கிறது.

ஒன்றியக் கவுன்சிலர் இப்போதுதான் வந்திருக்கிறார். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள் தம்பி. வணக்கம் ஐயா. வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கு நடுவிலும் வந்ததற்கு நன்றி.

இரண்டாவது, வீரர். 2014-ல் டிவியில் காட்டுகிற புரோ கபடிப் போட்டி வந்தது, 2017-ல் அதில் நம்ம பேரைச் சொல்லிக்கொண்டு தமிழ் தலைவாஸ் அணி வந்தது. ஏழரை மணிக்கு அம்மாவின் சீரியலா மேட்சா என்று எங்கள் வீட்டில் தினம் ஒரு பஞ்சாயத்து. முதல் சில சீசன்கள் தலைவாஸ் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அம்மாவே இரக்கப்பட்டு ரிமோட்டை விட்டுக்கொடுத்தார். பட்டியலில் அடியில் கிடந்த அணி அது. 2022 ஏலத்தில்தான் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தார்கள், அதுவரை எந்தக் கபடிக்காரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. அக்டோபர் 8, பெங்களூரு, குஜராத்துடன் முதல் ஆட்டம். நாங்கள் எல்லாரும் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். முதல் பாதி முடியவில்லை, பவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். சீசன் முழுக்கத் திரும்பவே இல்லை. அப்பா டிவியைப் பார்க்கவில்லை, தன் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். நரேந்தர் என்று ஒரு சின்னப்பையன் பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தலைவாஸ் முதல்முறையாகப் பிளே-ஆஃப் போய், டை-பிரேக்கரில் உத்தரப்பிரதேச அணியைத் தட்டி, அரையிறுதியில் புனேயிடம் ரெண்டே புள்ளியில் தோற்றது. அன்றைக்கு அம்மா ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது பவனை. அந்த முட்டிக்கு ஆபரேஷன் நடந்தது, பிசியோ வந்தார், மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது. மறு வருடம் 2023 ஜூன் கடைசியில் கொரியாவின் பூசானில் ஆசியச் சாம்பியன்ஷிப், இந்தியாவுக்குக் கேப்டன் பவன், தங்கம். அக்டோபரில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு, ஈரானுடன் ஃபைனல், கடைசி நிமிடங்களில் இரண்டு பக்கமும் 28, பாடப்போனவர் பவன். அந்த ரெய்டுக்கு யாருக்கு எத்தனை புள்ளி என்று தகராறு வந்து ஆட்டமே நின்று, அப்புறம் நடந்து, 2018-ல் ஜகார்த்தாவில் ஈரானிடம் விட்ட தங்கம் திரும்பி வந்தது. அதற்கு அடுத்த சில நாளில் நடந்த ஏலத்தில் அவர் விலை 2 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியது. முட்டி போன பிறகு!

முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்துக் கட்டியிருக்கிற ஜவ்வு நம்ம ஊர்ப் பையனுக்குக் கிழிந்தால் என்ன ஆகிறது? இந்த மைதானத்தில் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். ஐஸ் வைக்கச் சொன்னால் பெட்டிக்கடையில் ஜூஸுக்கு வைத்திருக்கிற ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வருகிறோம். யாரோ ஒருவர் காலைப் பிடித்து உருவிவிடுகிறார். உருவவே கூடாது, அதைச் சொல்ல ஆளில்லை. ரெண்டு மூணு வாரத்தில் வீக்கம் வடியும், பையன் நடப்பான், மாடிப்படி ஏறுவான், சரியாகிவிட்டது என்று எல்லாருமே நினைப்போம். நேராக நடப்பதற்கு அந்த ஜவ்வு அவ்வளவாக வேண்டியதில்லை, ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதுதான் வேண்டும். கபடியில் திரும்பாமல் என்ன செய்வது? மறுபடி ஆடுவான், முட்டி வழுக்கும், இந்தத் தடவை உள்ளே இருக்கிற குருத்தெலும்பும் சேர்ந்து நசுங்கும். எங்கள் அப்பா கதை அப்படியே. இப்போது மண் போய் மேட் வந்துவிட்டது, ஷூ மேட்டைக் கவ்விப் பிடிக்கிறது, கால் அங்கேயே நிற்க உடம்பு மட்டும் திரும்புகிறது. மேட் வாங்க வசூல் பண்ணினோம், நல்லது. அதில் ஆடுகிற முட்டிக்கு யார் வசூல் பண்ணினார்கள்?

பக்கத்தில்தான் வடுவூர். அந்த ஊர் அபினேஷ் மோகன்தாஸ் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் இளையோர் ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் ஆடினான். பெண்கள் அணியில் நம்ம கண்ணகி நகர் கார்த்திகா, அதுவும் தங்கம். அரசாங்கம் ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது, கைதட்டினோம், தட்டவேண்டியதுதான். தஞ்சாவூர் மாவட்டத்து சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து 2016-ல் கோப்பை வாங்கியபோதும் தட்டினோம். ஜெயித்து வந்தவனுக்கு மாலை போட ஆயிரம் பேர் வருகிறார்கள். பதினேழு வயதில், மாவட்ட அணித் தேர்வுக்கு முந்தின வாரம், ஒரு கோயில் திருவிழா மேட்சில் முட்டியை விட்டவன் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கு நாலைந்து பேரைத் தெரியும். அதில் ஒருவன் இப்போது டாடா ஏஸ் ஓட்டுகிறான், கிளட்ச் மிதிக்க இடதுகால் வலிக்கிறது என்கிறான். வெண்ணெய் திரண்டு வரும்போதுதான் தாழி உடைகிறது, அந்தத் தாழிக்கு யாரும் காவல் இல்லை.

என் மகள் பள்ளிக் கபடி அணியில் பிடிக்கிற இடத்தில், கவரில் நிற்கிறாள். அவள் அம்மா வேண்டாம் என்கிறார். ஊர் என்ன பேசும் என்பதற்காக இல்லை, அதையெல்லாம் அவர் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார். "முட்டி போனா யாரு பாக்குறது? உங்க அம்மாவுக்கு ஆன மாதிரி எனக்கு ஆகணுமா?" என்று கேட்கிறார். மூன்றாவது வரிசைக்குச் சொல்கிறேன், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். பிள்ளையைத் தடுக்கிற அம்மாக்களைத் திட்டிப் புண்ணியமில்லை. கமிட்டி பதில் சொல்ல வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு அணியின் நுழைவுக் கட்டணத்திலும் ஒரு பங்கைத் தனியாக எடுத்து 'முட்டி நிதி' என்று போஸ்ட் ஆபீசில் ஒரு கணக்கு. பரிசுத்தொகையிலும் கொஞ்சம் குறையட்டும், கோப்பை ஒரு அடி சின்னதானால் யாரும் சாகமாட்டார்கள். அரிசி ஆலை அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. மேட்ச் நடக்கிற நாளில் ஒரு ஐஸ்பெட்டி, ஸ்ட்ரெச்சர், முதலுதவி தெரிந்த ஒரு ஆள், அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி. விளையாட வருகிற பிள்ளைகளுக்கு விபத்துக் காப்பீடு. அப்புறம் விழுந்தவனை அன்றைக்கே மறுபடி இறக்கக் கூடாது, அவனே இறங்குகிறேன் என்றாலும் கூடாது. உடற்பயிற்சி, குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் இறங்குவது, இதெல்லாம் சொல்லிக்கொடுக்க உடற்கல்வி ஐயா ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் என்று மேடைக்குக் கீழே ஒத்துக்கொண்டிருக்கிறார். மேடையிலும் ஒத்துக்கொள்ளுங்கள் ஐயா. ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டார், எல்லாரும் சாட்சி.

மூன்றாவதாக வியாபாரம் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். ஏலம், விளம்பரம், டிவி, தலைவாஸ் ஜெர்சியைத் தஞ்சாவூரில் என்ன விலைக்கு விற்கிறான் என்பது வரைக்கும் குறித்து வைத்திருந்தேன். கமிட்டித் தம்பி ரெண்டு தடவை கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டான். பெண்கள் ஃபைனலுக்குப் பிள்ளைகள் உடம்பைச் சூடுபண்ணி நிற்கிறார்கள், ஆறவிட்டால் அதுவும் முட்டிக்குக் கெடுதல்தான்.

முட்டி நிதிக்கு முதல் ஆயிரம் ரூபாய் என்னுடையது. மைக் செட் மேசையில் நோட்டு இருக்கிறது, கமிட்டியில் இருவர் கையெழுத்துப் போட்டு ரசீது கொடுப்பார்கள். ரசீது வாங்காமல் யாரும் பணம் கொடுக்காதீர்கள், கவுன்சிலர் ஐயா உட்பட.