அவனும் பின்னாலே வருகிறான்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். அவையோருக்கு ஸ்தோத்திரம். எதிரணிக்கு என் அனுதாபம்.

தலைப்பு உங்களுக்கே தெரியும். விசுவாச வாழ்க்கையில் ஒருவனை நிலைநிறுத்துவது சுயமுயற்சியா, தேவனைச் சார்ந்திருப்பதா? நான் சார்ந்திருக்கிற கட்சி. அந்தக் கட்சியைத்தான் எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒரே வரியில் காலி செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "இவர்கள் மன்னா கட்சி. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் படுத்திருப்பவர்கள்" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை. ஆனால் அண்ணன் வேதத்தில் யாத்திராகமத்தைக் கொஞ்சம் படித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

அண்ணே, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குச் சாப்பிட ஆண்டவர் வானத்திலிருந்து கொடுத்த அந்த மன்னா எங்கே விழுந்தது? வாயிலா? 16-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பாளயத்தைச் சுற்றி, வெளியே, தரையில் விழுந்தது. விடியற்காலையில் எழுந்து போகவேண்டும். உறைபனி மாதிரிப் பொடிப்பொடியாகக் கிடப்பதைக் குனிந்து பொறுக்கவேண்டும். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. வீட்டில் பத்துப் பேர் என்றால் பத்து ஓமர். தாமதமாக எழுந்தீர்களா, வெயில் ஏறினதும் உருகிப் போய்விடும். இதில் படுத்திருப்பவன் எங்கே வந்தான்? அதோடு முடிந்ததா? எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: அதைத் திரிகையில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், சட்டியில் சமைத்தார்கள். இப்படி 40 வருஷம். இங்கே இருக்கிற தாய்மார்களைக் கேட்கிறேன், தினமும் பொறுக்கி, அரைத்து, இடித்து, சமைத்த அந்தப் பெண்களிடம் போய் 'சோம்பேறிகளே' என்று அண்ணன் சொல்லட்டும். உலக்கை கையில் இருக்கும்போது சொல்லட்டும்.

அப்படியானால் மன்னாவில் சார்ந்திருத்தல் எங்கே இருக்கிறது? பொறுக்குவதில் இல்லை. ராத்திரியில் இருக்கிறது. 'விடியற்காலம் வரைக்கும் மீதி வைக்காதீர்கள்' என்றார் அவர்களை நடத்திவந்த மோசே. சிலர் கேட்கவில்லை. கேட்காதவன் யார்? நம் எதிரணி ஆள்தான். சுயமுயற்சிக்காரன். பகலெல்லாம் பாடுபட்டுப் பொறுக்கியவன். அவன் மனைவி கேட்டிருப்பாள், "என்னங்க, அந்தப் பானைக்கு மேலே எதுக்குத் துணி?" "ஒன்றுமில்லை, நீ தூங்கு." "உள்ளே என்ன இருக்கு?" "நாளைக்கு வேண்டாமா? நாளைக்கு விழும் என்று என்ன உத்தரவாதம்?" அவ்வளவுதான் அவன் கேட்டது. நியாயமான கேள்விதானே? நீங்களும் நானும் தினமும் கேட்கிறதுதானே? காலையில் பானையில் புழு. நாற்றம் கூடாரம் தாண்டிப் போகிறது. மோசேயின் காது வரைக்கும் விஷயம் போய்விட்டது என்றால், அது எப்பேர்ப்பட்ட நாற்றம்! இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மன்னாவை ஆறாம் நாள் இரட்டிப்பாக எடுத்து ஓய்வுநாளுக்கு வைத்தால் நாறவில்லை, புழு வைக்கவில்லை. பானை அதேதான். மன்னாவும் அதேதான். கொடுத்தவர் வைக்கச் சொன்னபோது வைத்தது நின்றது; பயத்தில் பதுக்கியது புழுத்தது. ஆகையால் அண்ணே, மன்னா கட்சி என்று சொன்னதற்கு நன்றி. எங்கள் கட்சிக்கு ஒரு பேர் தேடிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொன்னார். 'தனக்குத்தானே உதவுகிறவனுக்கே கடவுள் உதவுவார் என்று வேதமே சொல்கிறது' என்றார். எந்த வேதம்? 66 புத்தகத்திலும் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அது ஈசாப் கதைகளில் வருகிற கருத்து. 1736-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் பஞ்சாங்கத்தில் போட்டுப் பரப்பினார். பாவம், அண்ணன் பஞ்சாங்கத்தை வசனம் என்று நினைத்துவிட்டார். வேதத்தில் இருப்பது நீதிமொழிகள் 28:26, 'தன் இருதயத்தை நம்புகிறவன் மூடன்.' நான் யாரையும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுயமுயற்சிக்கு வேதத்திலே ஒரு சாம்பியன் இருக்கிறார். யாக்கோபு. கூழைக் கொடுத்து அண்ணனின் சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, வாங்கியவர். ஆட்டுத்தோலைக் கையில் கட்டிக்கொண்டு, அண்ணன் வேஷத்தில் போய் அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்கியவர். மாமனார் லாபான் பத்துமுறை சம்பளத்தை மாற்றியும், அவருக்கே தண்ணி காட்டி மந்தை மந்தையாகச் சேர்த்தவர். 20 வருஷம் கழித்து ஊருக்குத் திரும்புகிறார். வழியில் தகவல் வருகிறது. அண்ணன் ஏசா எதிரே வருகிறார். கூட 400 பேர்.

400 பேரை யாரும் விருந்துக்குக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. யாக்கோபுக்கு வேர்க்கிறது. ஆனால் மூளை ஓய்கிற மூளையா? உடனே ஆட்களையும் மந்தையையும் இரண்டாகப் பிரித்தார். ஒன்றை அடித்தால் மற்றொன்று தப்பும். பிளான் நம்பர் ஒன்று. அப்புறம் ஜெபம் பண்ணினார். அருமையான ஜெபம், குறை சொல்லவே முடியாது. 'கோலும் கையுமாக இந்த யோர்தானைக் கடந்தேன், இன்றைக்கு இரண்டு பரிவாரம் வைத்திருக்கிறேன், என்னைக் காப்பாற்றும்' என்று உருகி ஜெபித்தார். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தவுடன் என்ன செய்தார்? ஆடு எண்ண ஆரம்பித்துவிட்டார்! வெள்ளாடு 200, கடா 20. செம்மறி 200, அதற்குக் கடா 20. பால் கொடுக்கிற ஒட்டகம் 30, குட்டிகளோடு. கிடாரி 40, காளை 10. கழுதை 20, அதன் குட்டி 10. கூட்டிப் பாருங்கள், ஒட்டகக்குட்டியை விட்டுவிட்டாலே 550. அத்தனையும் அண்ணனுக்கு அன்பளிப்பு.

அனுப்புகிற விதத்தைப் பாருங்கள். மொத்தமாக அனுப்பவில்லை. தனித்தனி மந்தை, மந்தைக்கு மந்தை இடைவெளி. முதல் வேலைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். "ஏசா வந்து 'இதெல்லாம் யாருது' என்று கேட்டால், 'உமது அடியான் யாக்கோபுடையது, உமக்கு வெகுமதி, அவனும் பின்னாலே வருகிறான்' என்று சொல்லு." சரி. அடுத்த வேலைக்காரன். "நீ என்ன சொல்லுவே?" "உமது அடியான் யாக்கோபுடையது, அவனும் பின்னாலே வருகிறான்." மூன்றாவது ஆள். "அவனும் பின்னாலே வருகிறான்." கற்பனை பண்ணிப் பாருங்கள். ஏசா நிற்கிறார். ஆடு வருகிறது. பின்னாலே வருகிறான். செம்மறி வருகிறது. பின்னாலே வருகிறான். ஒட்டகம் வருகிறது, பின்னாலே வருகிறான். கழுதை வந்தாயிற்று, அதற்கு மேல் அனுப்ப ஒன்றுமில்லை, ஆளை மட்டும் இன்னும் காணோம்! நம்முடைய விசுவாசமும் இந்த லட்சணம்தான், ஐயா. முதலில் சேமிப்பு போகும், அப்புறம் சிபாரிசு போகும், அப்புறம் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர். விசுவாசம் எங்கே? அதுவும் பின்னாலே வருகிறது!

எல்லாரையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு யாக்கோபு தனியாக நிற்கிறார். யாபோக்கு ஆறு. ஒரு மனுஷர் வந்து விடியும்வரை அவரோடு போராடுகிறார். தொடைச்சந்தைத் தொட்டார், சுளுக்கிக்கொண்டது. ஏன் தொடை? அவ்வளவு மூளை இருக்கிற ஆளின் தலையில் அல்லவா தட்டியிருக்கவேண்டும்? நான் யோசித்துப் பார்த்தேன். யாக்கோபின் கடைசி பிளான் காலில்தான் இருந்தது. வீட்டிலிருந்து ஓடினார். மாமனாரிடமிருந்து சொல்லாமல் ஓடினார். 550 கால்நடையும் தோற்றால் திரும்ப ஓடலாம் என்று ஒரு மூலையில் நினைப்பு இருந்திருக்கும். அந்தக் காலைத்தான் ஆண்டவர் தொட்டார். பொழுது விடிந்தது, யாக்கோபு நொண்டிக்கொண்டு வருகிறார். இப்போது ஓட முடியாது. அப்போது வசனம் சொல்கிறது: ஏசா ஓடிவந்தான்!

ஓடத் தெரிந்தவனால் ஓட முடியவில்லை. அடிப்பான் என்று பயந்தவன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். இரண்டு பேரும் அழுகிறார்கள். அழுது முடித்து ஏசா என்ன கேட்கிறார் தெரியுமா? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. "எதிரே வந்த அந்த மந்தையெல்லாம் எதற்கு?" ஐயோ, ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் வரிசை வைத்து அனுப்பியிருக்கிறார், எதற்கு என்று கேட்கிறார்! "எனக்குப் போதுமானது இருக்கிறது, உன்னுடையது உனக்கே இருக்கட்டும்" என்கிறார். கடைசியில் வற்புறுத்தினதால் வாங்கிக்கொண்டார்; அதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதிரணி அக்கா வேதத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிடுவார்.

நம்பியிருந்தால் வேலை நடக்குமா என்று அக்கா கேட்டார். ஜார்ஜ் முல்லரைத் தெரியுமா அக்கா? 1836-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்தார். பணம் வேண்டும் என்று எந்த மனிதரிடமும் கேட்பதில்லை, ஆண்டவரிடம் மட்டுமே கேட்பது என்று வைத்துக்கொண்டார். வாழ்நாளில் 10,000 பிள்ளைகளுக்கு மேல் வளர்த்தார். வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி அச்சிட்டு வெளியிட்டார். நம்பிக்கை வைத்தவன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. இது போதும், மேலே போகிறேன்.

என் அப்பாவைப்பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு கையிலும் பை இருக்கும், ஒன்றைக் கொடுங்கள் என்றால் கொடுக்கமாட்டார். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. குடும்ப ஜெபத்தில் அவர் ஜெபிப்பது ஆண்டவருக்கு ஆபீஸ் ஆர்டர் போடுகிற மாதிரி இருக்கும். பெரியவனுக்கு இன்ன வேலை, இன்ன தேதிக்குள். சின்னவளுக்கு இன்ன படிப்பு. எங்களுக்கு முழங்கால் மரத்துவிடும், அவருக்குப் பட்டியல் முடியாது.

பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு குழறிவிட்டது. சட்டைப் பட்டனை இடது கையால் போடப் பார்ப்பார். கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே வெகுநேரம் சத்தமே இருக்காது. வெளியே வரும்போது பட்டன் ஒன்று மாறி ஒன்று ஏறியிருக்கும், நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்புகிற நேரம், கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துப் பட்டன் போட வசதியாக முகவாயை மேலே தூக்கினார்.

ஐயா, யோவான் 21-இல் ஆண்டவர் தம் சீஷன் பேதுருவிடம் சொல்கிறார். 'இளவயதில் நீயே உன் அரையைக் கட்டிக்கொண்டு இஷ்டப்பட்ட இடத்துக்கு நடந்தாய். முதிர்வயதில் நீ கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான்.' அது பேதுருவின் மரணத்தைக் குறித்துச் சொன்னது என்று அடுத்த வசனத்திலேயே இருக்கிறது, தெரியும். எதிரணி இதை வாதம் இல்லை என்று சொல்லலாம், சொல்லிக்கொள்ளட்டும். அதைச் சொல்லிவிட்டு ஆண்டவர் 'என்னைப் பின்பற்றிவா' என்றார். பேதுருவின் கை நீட்டியிருக்கும்போதும் கூட இருப்பவர்தானே அப்படிக் கூப்பிட முடியும்? அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பா முறை வந்தது. பட்டியல் இல்லை. நாக்கு புரளாமல் இரண்டே வார்த்தை: "உம்ம சித்தம்." அம்மா ஆமென் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மணி அடித்துவிட்டார்கள். என் தாளில் இன்னும் கிதியோனின் 300 பேர் இருக்கிறார்கள், தண்ணீரில் இறங்கிய பேதுரு இருக்கிறார், எதிரணி அக்காவை ஒரு கை பார்ப்பதற்கு இரண்டு கேள்வியும் இருக்கிறது. அவையெல்லாம் இருந்தால்தான் ஜெயிப்பேன் என்று ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறேன். தீர்ப்பை ஐயா பார்த்துக்கொள்வார். நன்றி.