ஜோலீனும் ஒரு பூட்டிய அலமாரியும்

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, மழையிலும் வந்துவிட்ட வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, ஒலிபெருக்கி தந்து உதவிய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அதற்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று போன ஆண்டே சொன்னேன். சரி, போகட்டும்.

அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1973-இல் பாடிய 'ஜோலீன்' என்ற பாட்டைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: பிறந்த கதை, கிட்டார் வாசிப்பு, ஐம்பது ஆண்டு தாண்டியும் ஏன் ஓயவில்லை என்பது.

டாலிக்குக் கல்யாணமான புதிது. கணவர் கார்ல் டீன் வங்கிக்குப் போனால் லேசில் திரும்ப மாட்டார். அங்கே வேலை பார்த்த சிவப்பு முடிக்காரி அவரிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். நம் ஊரில் செம்பட்டை என்றால் எண்ணெய் காணாத தலை. அங்கே அதுதான் அழகு! அவ்வளவு நேரம் வங்கியில் இருக்க நம்மிடம் ஏது அவ்வளவு பணம் என்று டாலி கேலி செய்வாராம். பெயர் வந்தது வேறிடத்தில். கையெழுத்து வாங்க ஒரு சிறுமி வந்தாள். அவளுக்கும் சிவப்பு முடி, பச்சைக் கண். பெயர் ஜோலீன். மறந்துவிடக் கூடாதே என்று பேருந்துவரை ஜோலீன், ஜோலீன் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாராம். பல்லவி கிடைத்துவிட்டது.

இந்தப் பாட்டுக்குள் மனைவி ஜோலீனிடம் சண்டை போடவில்லை, என் புருஷனைப் பறித்துக்கொள்ளாதே என்று கெஞ்சுகிறாள். என் பாட்டி சொல்வாள்: கெஞ்சினால் மிஞ்சுவார்கள், மிஞ்சினால் கெஞ்சுவார்கள். எதிராளியின் முடி, கண், குரல் என்று புகழ்ந்து புகழ்ந்தே கெஞ்சுகிறாள். பொறாமைப் பாட்டில் ஒரு வசைகூட இல்லை! புருஷனோ தூக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்வதோடு சரி. ஜோலீன் கடைசிவரை வாய் திறப்பதில்லை. 2024-இல் பாடகி பியான்சே அதையே பாடியபோது கெஞ்சாமல் எச்சரித்தார். பாட்டி இருந்தால் கைதட்டியிருப்பாள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், கிட்டார் அப்புறம். டாலியின் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை மனத்தில் வைத்து 1995-இல் டென்னசி மாநிலத்தில், தான் பிறந்த செவியர் மாவட்டத்தில் டாலி ஒரு திட்டம் தொடங்கினார்: குழந்தைக்கு ஐந்து வயதாகும்வரை மாதம் ஒரு புத்தகம், இலவசமாக, தபாலில். இன்று பல நாடுகளில் 20 கோடிப் புத்தகத்துக்கு மேல் போயிருக்கிறது. நம் கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரியே பூட்டிக் கிடக்கிறது. நூலகர் அம்மா மேல் குறையில்லை, சாவி மேலிடத்தில். மூன்று மனு கொடுத்தாயிற்று. கெஞ்சினால் மிஞ்சுவார்கள்! நாலாவது மனு வாசலில், காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி எடுத்துக்கொள்ளுங்கள். பேனா இரண்டுதான், ஞாபகமாகத் திருப்பி வைத்துவிடுங்கள்.