புளியங்கொட்டை எண்ணிய நாள்

(பணியில் புதிதாகச் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களுக்கும், என்னைப் பேச அழைத்த நண்பர்களுக்கும், முதல் சம்பளம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத என் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

அடுத்த வாரம் உங்களுக்குப் பயிற்சி. சுற்றறிக்கை வந்துவிட்டது. "தவறாமல் கலந்துகொள்ள வேண்டும்" என்ற வரிக்கு அடிக்கோடும் போட்டிருக்கிறார்கள். சற்று முன்பு படியேறி வரும்போது எனக்கு முன்னால் போன இருவர் பேசிக்கொண்டார்கள்: "அஞ்சு நாளும் போய் உட்காரணுமாம் டீச்சர்." அந்தக் குரலில் இருந்த சலிப்பு எனக்குப் பழக்கமானது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே சலிப்போடு நானும் பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறேன். அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சலிப்புக்குக் காரணமும் உண்டு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துச் சமாளிக்க வேண்டும். அவரை நினைத்துக்கொண்டேதான் நாம் பேருந்து ஏறுகிறோம். போன இடத்தில் காலையில் கையெழுத்து, பிறகு திரையில் ஓடும் எழுத்துகளை ஒருவர் வாசிக்க நாம் கேட்பது, சாப்பாடு, மறுபடி வாசிப்பு, மாலையில் கையெழுத்து. அப்படிக் கழிந்த நாட்களின் கணக்கு என்னிடம் நிறைய இருக்கிறது. குழந்தைக்கு முன்னால் நின்று புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்லித்தரும் வகுப்பையே அப்படி வாசித்து நடத்தினால், கேட்பவருக்கு வேறு என்ன தோன்றும்?

2022 ஜூன் மாதத் தொடக்கத்திலும் அந்த நினைப்போடுதான் ஆசிரியர் பயிற்சி நடக்கும் வட்டார வள மையத்துக்குப் போனேன். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் ஜூன் 13 அன்று பள்ளி திறக்கும்போது தொடங்கவிருந்தது. 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. அந்த நேரத்தில் எங்கள் வகுப்பறை என்ன நிலையில் இருந்தது என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தோம். ஆக, அந்த ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வரவிருந்த பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு என்பது பதிவேட்டில் மட்டுமே இருந்தது. பலகையில் உட்கார்ந்து பழகியதே சில மாதம்தான். அவர்களை எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரியாமலிருந்தும் பயிற்சிக்குப் போகச் சலித்துக்கொண்டேன் என்பதை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

முதல் நாள் பிற்பகல் கணக்கு வகுப்பு. பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் எங்களைப் போல ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியைதான். கரும்பலகையில் பத்துச் சொற்களை எழுதினார். மி, டு, சா, லே, போ, நா, கூ, வை, ரி, தோ. "இவைதான் இனி ஒன்று முதல் பத்து வரை. ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்யுங்கள்" என்றார். செய்தோம். எல்லாரும் சேர்ந்து ராகம் போட்டு ஒப்பித்தோம். பிறகு பலகையை அழித்துவிட்டுக் கேட்டார்:

"சாவும் போவும் சேர்ந்தால் எவ்வளவு?"

அறை அமைதியாகிவிட்டது. நாற்பது பேர் இருந்தோம். பட்டம் பெற்றவர்கள், மாவட்ட அளவில் விருது வாங்கியவர்கள், எல்லாரும்தான். என் மனம் சா என்றால் மூன்று, போ என்றால் ஐந்து, கூட்டினால் எட்டு, எட்டுக்கு என்ன பெயர் என்று சுற்றி வளைத்து ஓடியது. கருத்தாளர் அதையும் கண்டுபிடித்துவிட்டார். "நம் பழைய எண்ணுக்கு மாற்றிப் பார்க்கக் கூடாது. உங்கள் வகுப்புக் குழந்தைக்கு மாற்றிப் பார்க்க வேறு எண் கிடையாது" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று வேகமாகக் கேட்டுக்கொண்டே போனார். "கூவில் டு போனால் என்ன? சீக்கிரம், சீக்கிரம்!" எனக்கு உள்ளங்கை வியர்த்தது. என் பக்கம் திரும்பிவிடப் போகிறாரே என்று குனிந்துகொண்டேன். குனிந்தபோதுதான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் மதிக்கும் மூத்த தலைமையாசிரியர் அவர். கணக்கில் கண்டிப்பானவர். அவர் கை மேசைக்கு அடியில் இருந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது. உதடு மி, டு, சா என்று ஓசையில்லாமல் அசைந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. மேசைமேல் எடுத்து வைத்து, எல்லாருக்கும் தெரியும்படி விரல்விட்டு எண்ணி, முதலில் கேட்ட கணக்குக்கு "வை" என்று விடை சொன்னார். பிறகு மெதுவாக என்னிடம் சொன்னார்: "இருபத்தெட்டு வருஷமா பிள்ளைங்ககிட்ட விரலை மடக்கிக் கணக்குப் போடாதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்மா."

அடுத்து ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொடுத்தார்கள். மி, டு, சா என்று மூன்றை ஒரு பக்கம் வைத்தோம். மி முதல் போ வரை ஐந்தை இன்னொரு பக்கம் வைத்தோம். சேர்த்து எண்ணினோம், வை வந்தது. பத்து நிமிடத்துக்கு முன்பு வியர்க்க வைத்த கணக்கு கைக்குள் வந்துவிட்டது. அந்தக் கொட்டைகளின் வழவழப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. நூறு வரைக்கும் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கும் பிள்ளை, ஏழு கொட்டையைக் கொடுத்தால் எண்ணிச் சொல்ல முடியாமல் விழிப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளை எண்ணைக் கற்கவில்லை, ஒரு பாட்டைக் கற்றிருக்கிறது. எங்களுக்கு மி, டு, சா எப்படியோ, அதற்கு ஒன்று, இரண்டு, மூன்று அப்படி. இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். வியர்த்த பிறகு மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை. இரண்டாம் நாள் யாரும் கேட்காமலே முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். தேநீர் இடைவேளையில்கூட விவாதம் ஓயவில்லை. ஒரு தம்பி எழுப்பிய கேள்வி: "எண்பத்தொன்பது வரை சரியாகச் சொல்லும் பிள்ளை ஏன் அங்கே போய் நிற்கிறது?" அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம். இருபது, முப்பது, நாற்பது என்று 'பது' வரும்போதெல்லாம் பத்துகள் என்று குழந்தையின் காது பழகுகிறது. ஆனால் ஒன்பதும் அப்படித்தான் முடிகிறது, அது வெறும் 9. தொண்ணூறு நூறு என்று முடிகிறது, மதிப்போ 90. தொள்ளாயிரம் ஆயிரம் என்று முடிகிறது, மதிப்போ 900. நன்னூல் இந்தப் புணர்ச்சிக்குச் சூத்திரமே வைத்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சூத்திரம் தெரியுமா? அது நூற்றைந்தை 1005 என்று எழுதுவதும் இப்படித்தான். நூறு என்று கேட்டது, 100 எழுதியது. ஐந்து என்று கேட்டது, 5 எழுதியது. காதில் விழுந்ததை நேர்மையாக எழுதிய பிள்ளையின் நோட்டில் எத்தனை முறை சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெரிய கட்டாக்கி, பக்கத்தில் ஐந்து உதிரிக் குச்சிகளை வைத்துப் பார்த்தால் நடுவில் கட்டு எதுவும் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வெற்றிடத்துக்குத்தான் சுழியம். கேள்வி கேட்ட தம்பி பணியில் சேர்ந்து இரண்டே ஆண்டு ஆனவர். உங்களைப் போல.

பாட்டும் பொம்மையும் இருந்தன. பழைய காலுறையில் பொத்தான் கண் தைத்து நரி செய்தோம், அந்த மூத்த தலைமையாசிரியர்தான் அதற்குக் குரல் கொடுத்தார். அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளாகப் பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதற்கு ஒரு முழு நாள் போனது. அவற்றை உங்களுக்கு விரிவாகவே சொல்லித்தருவார்கள், நான் அதில் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு, ஆசிரியர் ஒருவருக்கு ஒவ்வொரு ஐந்தாண்டுப் பணியிலும் இரண்டு மூன்று மாதம் பணியிடைப் பயிற்சி வேண்டும் என்றது. முன்பு அந்தப் பரிந்துரையைப் படித்தபோது இவ்வளவு எதற்கு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நமக்கு எழுத்தும் எண்ணும் கைவந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தெரியாமல் திகைத்து நின்ற நாள் நம் நினைவிலேயே இல்லை. அந்தத் திகைப்பை யாராவது நமக்குத் திரும்பக் கொடுத்தால்தான் எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம் புரிகிறது. பயிற்சி நடத்தும் பெரியவர்களிடமும் இதையே கேட்கிறேன். திரையை அணைத்துவிடுங்கள். எங்கள் கையில் ஏதாவது கொடுங்கள், எங்களைத் தவறு செய்ய விடுங்கள், பேச விடுங்கள். கட்டாயம் என்று அடிக்கோடு போட வேண்டிய தேவையே வராது.

பள்ளி திறந்த முதல் வாரம். என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, கணக்கு என்றாலே கையைப் பாவாடைக்குள் சுருட்டி ஒளித்துக்கொள்வாள். யாரோ எப்போதோ கையில் அடித்திருக்க வேண்டும். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் பத்து விரலையும் நீட்டி, நானே முதலில் மடக்கி எண்ணினேன். மூன்றாம் நாள்தான் ஒரு கையை வெளியே எடுத்தாள். அந்த மாதக் கடைசியில் எண்பத்தொன்பது குச்சிகளோடு ஒன்றைச் சேர்த்து ஒன்பதாவது கட்டைத் தானே கட்டி, "டீச்சர், இது நூறு இல்ல, இன்னும் ஒரு கட்டு வேணும்" என்றாள்.

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். அடுத்த வாரம் மையத்துக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு பிடி புளியங்கொட்டை எடுத்துப் போங்கள். அங்கே கொடுப்பது நாற்பது பேருக்குப் போதாது. கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் கையில் ஒட்டும். வணக்கம்.