டிடிஎஸ் ஏன் தூக்கலாகக் கேட்கிறது? பிளேயரை மாற்ற வேண்டுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் இதையே வேறு வேறு மாதிரி நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். திருப்பூரில் இருந்து ஒரு நண்பர் எழுதியதை அப்படியே படிக்கிறேன்.

"அண்ணா, வீட்டில் 5.1 செட்டப், ஏவி ரிசீவர், ப்ளூரே பிளேயர் எல்லாம் இருக்கிறது. ரூம் 12-க்கு 10 அடி, உயரமும் 10 அடி. பழைய டிவிடிகளில் டால்பி, டிடிஎஸ் இரண்டு டிராக்கும் இருந்தால் எப்போதும் டிடிஎஸ்தான் தூக்கலாக இருக்கிறது. ஓடிடியில் அட்மாஸ் என்று போட்டிருந்தாலும் சப்பென்று இருக்கிறது. ப்ளூரே நன்றாக இருக்கிறது, ஆனால் பேஸ் சில இடங்களில் மட்டும் பொம் பொம் என்று அடிக்கிறது. கடையில் கேட்டால் பிளேயரை மாற்றுங்கள், 60 ஆயிரத்தில் ஒன்று இருக்கிறது என்கிறார்கள். மாற்றலாமா? டிஸ்க்கில் கீறல் விழுந்தால் சவுண்ட் தரம் குறையுமா?"

மாற்ற வேண்டாம் நண்பரே. பணம் உங்களிடமே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகக் கேளுங்கள். புதியவர்களுக்காக ஒரு வரி: 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கென்று ஒரு சப்வூஃபரும், ஏவி ரிசீவர் என்றால் பிளேயரில் இருந்தும் டிவியில் இருந்தும் வரும் ஒலியைப் பிரித்து அந்த ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி.

முதலில் அந்த டிடிஎஸ் விஷயம். டால்பி, டிடிஎஸ் இரண்டும் படத்தின் சரவுண்ட் ஒலியைப் பதியும் இரண்டு கம்பெனிகளின் முறைகள். நம் ஊரில் டிடிஎஸ் என்ற மூன்று எழுத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு, தியேட்டர் வாசலிலும் போஸ்டரிலும் பெரிதாகப் போட்டு வளர்ந்த பெயர் அது. ஆனால் 1993-இல் தியேட்டருக்கு வந்த டிடிஎஸ் வேறு, நம் வீட்டு டிஸ்க்கில் இருக்கும் டிடிஎஸ் வேறு. தியேட்டரில் பிலிமில் ஒரு டைம்கோட் மட்டும் ஓடும், ஒலி தனியாக சிடி-ராமில் இருந்து அதோடு சேர்ந்து வரும், அதன் சுருக்க முறையே வேறு. அதனால் தியேட்டரில் கேட்ட அனுபவத்தை வைத்து வீட்டு டிராக்கை எடை போட முடியாது.

அப்படியானால் வீட்டிலும் ஏன் தூக்கலாகக் கேட்கிறது? டால்பி டிராக்குக்குள் 'டயலாக் நார்மலைசேஷன்' என்று ஒரு எண் பதிந்திருக்கும். இந்தப் படத்தில் வசனம் சராசரியாக எந்த அளவில் இருக்கிறது என்று டிகோடருக்கு, அதாவது சுருக்கிய ஒலியைப் பிரிக்கும் பகுதிக்கு, சொல்லும் எண் அது. டிகோடர் எல்லாப் படங்களின் வசனத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரப் பார்க்கும். நிறைய டிஸ்க்குகளில் இந்த எண் மைனஸ் 27 என்று இருக்கும், அதற்கு ரிசீவர் மொத்த சத்தத்தையும் 4 டெசிபல் குறைத்துவிடும். டிடிஎஸ் டிராக்கில் பெரும்பாலும் இந்தக் குறைப்பு நடக்காது. ஆக நீங்கள் ரிமோட்டில் டிராக்கை மாற்றும்போது கூடவே வால்யூமும் 4 டெசிபல் ஏறிவிடுகிறது, உங்களுக்குத் தெரியாமலேயே. நம் காதின் குணம் என்னவென்றால், ஒரே ஒலியைக் கொஞ்சம் கூடுதலான சத்தத்தில் கேட்டால் 'சத்தம் அதிகம்' என்று தோன்றாது, 'தெளிவு அதிகம், பேஸ் அதிகம்' என்றுதான் தோன்றும். இத்தனை வருட டால்பி, டிடிஎஸ் சண்டையில் பெரிய பங்கு இந்த 4 டெசிபலுக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து.

பிட்ரேட்டைக் காட்டி, அதாவது ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு தகவல் என்ற எண்ணைக் காட்டி, வாதாடுவார்கள். டிவிடியில் டால்பி அதிகபட்சம் 448 கிலோபிட், டிடிஎஸ் 1509 கிலோபிட், மூன்று மடங்குக்கு மேல், அப்புறம் எப்படி ஒன்றாகும் என்பார்கள். இரண்டும் வேறு வேறு சுருக்க முறைகள், எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. அது போக ஏராளமான டிவிடிகளில் டிடிஎஸ் பாதி வேகத்தில், 754 கிலோபிட்டில்தான் பதிந்திருக்கிறது. சில டிஸ்க்குகளில் இரண்டு டிராக்குக்கும் மிக்ஸே வேறு, அங்கே நீங்கள் கேட்கும் வித்தியாசம் நிஜம், ஆனால் அது மிக்ஸ் செய்தவரின் கைவேலை.

சோதித்துப் பார்க்க ஆசையாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். போனில் சத்தத்தை அளக்கும் ஒரு ஆப் போட்டுக்கொள்ளுங்கள், துல்லியமாக இருக்க வேண்டும் என்று இல்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும். ஒரே காட்சியை டிடிஎஸ்ஸில் ஓட்டி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், டால்பிக்கு மாற்றி, அதே அளவு வரும்வரை ரிசீவர் வால்யூமை ஏற்றுங்கள். சில ரிசீவர்கள் டிஸ்க் ஓடத் தொடங்கும்போது எவ்வளவு குறைக்கிறோம் என்று திரையில் ஒரு நொடி காட்டும், அதையும் கவனியுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது ரிமோட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள், எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. அப்படிக் கேட்ட பிறகும் டிடிஎஸ்தான் நன்றாக இருக்கிறது என்று வந்தால் சந்தோஷம், அது உண்மையான விருப்பம்.

சரி, ஓடிடி. இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அட்மாஸ் என்பது தலைக்கு மேலே இருந்தும் ஒலி வருகிற டால்பியின் முறை; ஓடிடியில் அது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவத்துக்குள் வருகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2019-இல் தன் ஒலித் தரத்தை உயர்த்தியபோது 5.1-க்கு 640 கிலோபிட் வரை, அட்மாஸுக்கு 768 கிலோபிட் வரை என்று அறிவித்தது. ப்ளூரேயில் இருக்கும் டால்பி ட்ரூஎச்டி 18 மெகாபிட் வரை போகலாம், டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ 24.5 மெகாபிட் வரை. இவை இரண்டும் இழப்பில்லாதவை, அதாவது டிஸ்க்குக்குக் கொடுத்த மாஸ்டரில் என்ன இருந்ததோ அது ஒரு பிட் குறையாமல் உங்கள் ரிசீவருக்கு வருகிறது. இதுதான் டிஸ்க்கின் நிஜமான பெருமை, எனக்கு டிஸ்க் மேல் இவ்வளவு ஆசை இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஆனால் நீங்கள் சொல்லும் அந்த 'சப்பென்று' இருப்பதற்கு பிட்ரேட் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. 640 கிலோபிட் என்பது காதுக்கு அவ்வளவு மோசமானது இல்லை. சப்பென்று இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது வயரையும் டிவி செட்டிங்கையும். டிவியில் இருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் வயர் போட்டிருக்கிறீர்களா? அதில் டால்பி டிஜிட்டல் பிளஸ் வராது, அட்மாஸ் வராது. டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சியில் வரும், ஆனால் டிவி செட்டிங்கில் டிஜிட்டல் சவுண்ட் அவுட்புட் என்ற இடத்தில் பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று இருந்தால் பெரும்பாலும் வெறும் ஸ்டீரியோதான் போகும், உங்கள் ரிசீவர் அதை அஞ்சு ஸ்பீக்கருக்கும் பரப்பிக் காட்டும், நீங்கள் சரவுண்ட் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதை ஆட்டோ அல்லது பாஸ்-த்ரூ என்று மாற்றுங்கள். இன்னொன்று, படத்தின் பக்கத்தில் அட்மாஸ் என்று போட்டிருந்தால் எல்லா மொழி டிராக்கும் அட்மாஸ் என்று அர்த்தம் இல்லை. தமிழ் டப்பிங்கைத் தேர்ந்தெடுத்தால் அது 5.1 ஆக இருக்கலாம், சில சமயம் ஸ்டீரியோவாகவே இருக்கலாம். ரிசீவரின் டிஸ்பிளேயில் என்ன எழுதி வருகிறது என்று பாருங்கள், பொய் சொல்லாத ஒரே இடம் அது.

இப்போது பிளேயர். உங்கள் பழைய பிளேயர் எச்டிஎம்ஐ வழியாக பிட்ஸ்ட்ரீம் அனுப்புகிறது என்றால், டிஸ்க்கில் இருக்கும் அந்தப் பிட்டுகளைப் பிரிக்காமல் ரிசீவரிடம் ஒப்படைக்கிறது. அதைப் பிரிப்பதும், ஒலியாக மாற்றுவதும் ரிசீவர். கொரியர் பையன் சைக்கிளில் வந்தாலும் காரில் வந்தாலும் பார்சலுக்குள் இருக்கும் பொருள் ஒன்றுதானே, அது மாதிரி. 60 ஆயிரம் ரூபாய் பிளேயரும் அதே பிட்டுகளைத்தான் கொடுக்கும். விலை உயர்ந்த பிளேயருக்கு அர்த்தம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதன் அனலாக் அவுட்புட்டை நேராக ஆம்ப்ளிஃபயரில் போட்டு ஸ்டீரியோ பாட்டு கேட்கிறவர்கள், எஸ்ஏசிடி என்ற உயர்தரப் பாட்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள், படத் தரத்துக்காக 4கே டிஸ்க்குக்குப் போகிறவர்கள், இவர்களுக்கு அது வேறு கணக்கு. 2018-இல் ஓப்போ நிறுவனம் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியபோது ஆர்வலர்கள் வருத்தப்பட்டதும் அந்த மாதிரிக் காரணங்களுக்காகத்தான். உங்கள் பயன்பாட்டில் அது எதுவும் வரவில்லை. தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ கேபிளும் அப்படியே, வேண்டாம்.

மாற்ற வேண்டியது பிளேயரின் உள்ளே இருக்கும் செட்டிங்குகளை. இதைக் கட்டாயம் இன்றைக்கே பாருங்கள். ஆடியோ மெனுவில் 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்று ஒன்று இருக்கும், பல பிளேயர்களில் அது ஆன் ஆகவே வரும். மெனுவின் கிளிக் சத்தத்தையும் இயக்குநரின் வர்ணனையையும் படத்தின் ஒலியோடு கலப்பதற்காக வைத்தது. அது ஆனில் இருந்தால் பிளேயர் அந்த இழப்பில்லாத டிராக்கை விட்டுவிட்டு, கலந்த ஒலியைச் சாதாரண டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ மறுபடி சுருக்கி அனுப்பும். அதாவது காசு கொடுத்து ப்ளூரே வாங்கிவிட்டு டிவிடி தரத்தில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்! அதை ஆஃப் செய்யுங்கள், ரிசீவரில் ட்ரூஎச்டி அல்லது டிடிஎஸ்-எச்டி எம்ஏ என்று வர வேண்டும். பிட்ஸ்ட்ரீமுக்குப் பதிலாகப் பிளேயரே பிரித்து மல்டிசேனல் பிசிஎம் ஆக அனுப்பினாலும் 5.1 வைத்திருக்கும் உங்களுக்கு நஷ்டம் இல்லை, அதுவும் இழப்பில்லாததுதான். ஆனால் நாளைக்கு மேலே ஸ்பீக்கர் வைத்து அட்மாஸுக்குப் போனால் பிட்ஸ்ட்ரீம்தான் வேண்டும், இல்லாவிட்டால் உயரத்துக்கான தகவல் வழியிலேயே போய்விடும்.

அப்புறம் டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன். டிஆர்சி, நைட் மோட், லவுட்னெஸ் மேனேஜ்மென்ட் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். மெல்லிய சத்தத்தை ஏற்றி, வெடிச் சத்தத்தை அமுக்கும் வேலை அது. ட்ரூஎச்டி டிஸ்க்குகளில் 'ஆட்டோ' என்று விட்டிருந்தால் சில டிஸ்க்குகளில் தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். குழந்தை தூங்கும்போது போடுங்கள், மற்ற நேரம் ஆஃப். பிளேயரிலும் ரிசீவரிலும் இரண்டு இடத்திலும் பாருங்கள்.

இப்போது அந்த பொம் பொம். இது டிஸ்க் பிரச்சினையே இல்லை, ரூம் பிரச்சினை. உங்கள் அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி அலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்தும் இடத்தில் அந்த ஒலி மட்டும் வீங்கும். 10 அடிக்கு அது கிட்டத்தட்ட 56 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். உங்களுக்கு அகலத்திலும் உயரத்திலும் அதே 56 வருவதால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. படத்தில் அந்த அளவில் ஒரு சத்தம் வரும்போது மட்டும் அறை அடிக்கும், மற்ற நேரம் சாதாரணமாக இருக்கும், நீங்கள் 'சில இடங்களில் மட்டும்' என்று சொன்னது அதனால்தான். கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியை உறிஞ்சாது, அதனால் நம் வீடுகளில் இது இன்னும் கடுமை. ஜமக்காளம் விரித்தால், கனமான திரை போட்டால் வசனத்தில் இருக்கும் எதிரொலி குறையும், அதற்காக அவசியம் போடுங்கள், ஆனால் 50 ஹெர்ட்ஸை அது அசைக்காது.

என்ன செய்யலாம்? சோபா பின் சுவரை ஒட்டி இருந்தால் ஒன்றிரண்டு அடி முன்னால் இழுங்கள், சுவர் ஓரத்தில்தான் பேஸ் அதிகமாகத் தேங்கும். சரியாக அறையின் நடுவிலும் வேண்டாம், அங்கே பேஸ் காணாமல் போகும். பிறகு சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் நிறைய இருக்கும் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, சுவர் ஓரமாகத் தரையோடு குனிந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லா பேஸ் சத்தமும் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை, இதில் கிடைக்கும் பலன் எந்த பிளேயரிலும் கிடைக்காது. ரிசீவர் செட்டிங்கில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து கிராஸ்ஓவரை, அதாவது எந்த அளவுக்குக் கீழே பேஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அதன்பிறகு ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து ஒருமுறை ஆட்டோ செட்டப் ஓட்டுங்கள், மைக்கை சோபா மெத்தையில் வைக்காதீர்கள், ஒரு ஸ்டாண்டில் காது உயரத்தில் நிற்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது சப்வூஃபர் வாங்குங்கள், இரண்டு இடத்தில் இருந்து வரும்போது இந்த வீக்கம் நன்றாகவே சமன்படும்.

கீறல் கேள்வி மிச்சம் இருக்கிறது. இது கேசட் இல்லை, தேயத் தேய ஒலி மங்குவதற்கு. சின்னக் கீறலைப் பிழை திருத்தம் சரிசெய்துவிடும், அப்போது ஒலி அப்படியே முழுத் தரத்தில் வரும். அதற்கும் மேலே போனால் ஒலி அறுபடும், படம் கட்டம் கட்டமாக உடையும், இல்லை அப்படியே நின்றுவிடும். ப்ளூரேயில் தகவல் இருக்கும் அடுக்கு மேற்பரப்பில் இருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6, அதனால்தான் ப்ளூரேக்குக் கடினமான மேல்பூச்சு கொடுத்திருக்கிறார்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள், மெல்லிய துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகக் கீறல் விழுந்தால் லேசர் போகும் பாதையிலேயே நீளமாகக் கெடும், பிழை திருத்தத்தால் தாங்க முடியாது.

இந்த செட்டிங்குகளை மாற்றிவிட்டு ரிசீவர் டிஸ்பிளேயில் என்ன வருகிறது, சப்வூஃபர் கடைசியில் எந்த மூலைக்குப் போனது என்று எனக்கு எழுதுங்கள் நண்பரே, அதை வைத்து கிராஸ்ஓவரை இன்னும் நுணுக்கமாகப் பார்ப்போம்.